காது என்று நான் கேட்ட சொல்

அக்கா என் மேசைமேல் வைத்த தாள் நான்காக மடிக்கப்பட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, நான் படிக்கத் தோதாகத் திருப்பி வைத்தார். அடியில் என் கையெழுத்து. பக்கத்தில் எங்கள் துறையின் ஊதா முத்திரை. "இத்த நீதான எழுதின?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ படி." நான் வாசித்தேன். பக்கவாதத்துக்குப் பின் மொழித்திறன் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு. ஆம், இல்லை என்ற விடைகளைக்கூட நம்ப இயலாது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், அக்காவுக்குப் பின்னால் சுவரோர நாற்காலியில், அந்தத் தாளில் சொல்லப்பட்ட மனிதரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி. செயலிழந்த வலக்கையை இடக்கையால் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்த ஒவ்வொரு வரியையும் அவர் கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கணமே எனக்கு அது உறைத்தது. ஒப்புக்கொள்ளத்தான் இன்னும் சற்று நேரம் பிடித்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பேச்சு, கேட்பியல் படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மருத்துவமனைத் துறையில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் சிலருக்குக் கை கால்களோடு மொழியும் குலைந்துபோகும். நினைத்த சொல் வாய்க்கு வராது. சிலருக்கு அடுத்தவர் பேசுவதும் பிடிபடாது. நகரத்தில் இருப்பவர்கள் எப்படியாவது எங்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள், கரையோரக் குப்பங்களில் இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. நான் மீஞ்சூர்க்காரி என்பதால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் என் பொறுப்பில் வந்தன. ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பாலம் தாண்டினால் ஷேர் ஆட்டோ அல்லது நடை. தோளில் ஒரு பை. அதில் படஅட்டைகள், ஒலிப்பதிவுக் கருவி, காது கேட்கும் திறனை அளக்கும் சிறிய பெட்டி, ஒரு கட்டுப் படிவங்கள். படிவத்தின் மூன்றாவது வரி தாய்மொழி. நேரம் மிச்சமாகுமே என்று, முதல் நாள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, எல்லாப் படிவங்களிலும் அந்த வரியில் 'தமிழ்' என்று ஒரே மூச்சாக எழுதி வைத்துவிட்டேன். நல்ல கையெழுத்தில், சாய்வில்லாமல் எழுதியிருந்தேன்.

அக்காவின் வீடு ஏரியைப் பார்த்திருந்த ஒரு குப்பத்தில் இருந்தது. அக்கா என்று நான் சொல்வது உறவுமுறையால் அல்ல. பழவேற்காட்டு மீன் சந்தையில் அவரிடம் இறாலும் நண்டும் வாங்குகிற எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கணவர் ஏரியில் இறால் வலை கட்டுபவர். அவரை நான் அண்ணா என்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். உயிர் தப்பியது. வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போனது.

எங்கள் சோதனைக்கென்று வகுத்த முறைகள் இருந்தன. கேள்விகளை அச்சில் உள்ளபடியே, ஒரு சொல் மாற்றாமல் வாசிக்க வேண்டும். உறவினர்கள் கண்ணாலோ கையாலோ குறிப்புக் காட்டிவிடக் கூடாது என்பதால் அவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். மீன் ஏலத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் எனக்காக வீட்டில் தங்கியிருந்த அக்கா, "நான் மூலைல குந்தினு இருக்கேனே, வாயத் தொறக்க மாட்டேன்" என்று கேட்டுப் பார்த்தார். கூடாது என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். "உங்கள் பெயர் கோவிந்தனா?" அவர் பெயர் அது இல்லை. கோணிய உதடுகளைச் சிரமப்பட்டுச் சேர்த்து, "காது" என்றார். "இது மருத்துவமனையா?" "காது." "நான் ஆணா?" என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் "காது" என்றார். ஆம் என்று விடை வரவேண்டிய கேள்விகளுக்குத் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு முனகல் வந்தது. 'தெளிவற்ற ஒலி' என்று குறித்தேன். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மீளமுடியாமல் திணறுவது இந்த நோயில் உண்டு என்று பாடத்தில் படித்திருந்தேன். அதையும் குறித்தேன்.

அதோடு விடவில்லை. ஒருவேளை உண்மையிலேயே காதில் வலியோ இரைச்சலோ இருக்கலாம் என்று தோன்றியது. ஹெட்ஃபோனை மாட்டி அவருடைய கேட்கும் திறனையும் அளந்தேன். ஒலி கேட்கும்போதெல்லாம் இடக்கையைத் தூக்க வேண்டும் என்று சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, ஒரு தவறும் இல்லாமல் செய்தார். படகு என்ஜினுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக உட்காருபவர்களுக்கு வருகிற, உயர்ந்த சுருதி ஒலிகள் லேசாக மங்கும் குறை தவிர வேறொன்றும் இல்லை. 'காதுப் பிரச்சினை பற்றித் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்' என்று ஓரத்தில் எழுதிவிட்டு, இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறோமே என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. சொன்னது புரியாத மனிதர் அந்தச் சோதனையை எப்படி இவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அது வேறு படிவம். வேறு பக்கம்.

சில வாரங்கள் கழித்து அக்கா போனில் கூப்பிட்டார். அண்ணாவைப் பற்றி ஒரு தாள் எழுதித் தர முடியுமா, சங்கத்தில் காட்ட வேண்டும் என்றார். என்ன சங்கம், எதற்கு என்று நான் கேட்கவில்லை. துறையில் வழக்கமாகக் கொடுக்கும் சுருக்கத்தை எழுதி, முத்திரை வைத்து, அடுத்த முறை போனபோது கொடுத்துவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது என் மேசையில் விரித்து வைத்திருந்தார்.

அந்த ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைக்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். சங்கத்தில் பேர் இருக்கிறவனுக்குத்தான் பாடு. பேர் போனால் ஏரியில் அவனுக்கு இடமில்லை. அண்ணாவால் வலை இழுக்க முடியாத இந்த வருஷம் அவருக்குத் துணையாகத் தன் தம்பியை விடவேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். மருத்துவரிடமிருந்து ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தாம்மா கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றார் அக்கா. "சீல் வெச்ச தாளாச்சேன்னு. எனக்குப் படிக்கத் தெரியாது. அங்க ஒருத்தர் எல்லாருக்கும் கேக்கற மாரி படிச்சாரு. புரியாதவனுக்கு எதுக்கு பாடுன்னு பேர எடுத்துட்டாங்க. இவரு அங்கதான் நின்னுனு இருந்தாரு."

மாற்றி எழுதித் தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அக்காவுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "மாத்தி எழுதி வாங்கினு போறதுக்கு நான் வரல. பொய்யா எழுதினாலும் தாளுதான், நெசமா எழுதினாலும் தாளுதான். நீ இவர இன்னா கேட்ட, இவரு இன்னா சொன்னாரு, அத்த எனக்குக் காட்டு. என்னை வெளிய அனுப்பிட்டுத்தான கேட்ட."

ஒலிப்பதிவு இருந்தது. அண்ணாவிடம், "உங்க பதிவ அக்காவுக்குப் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். ஆழமாகத் தலையசைத்தார். நாற்காலியை இழுத்து மேசையருகே போட்டு, ஒலிபெருக்கியில் ஓடவிட்டேன். முதலில் என் குரல். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, செய்தி வாசிப்பவரைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பெயர் கோவிந்தனா? பதிவில் அண்ணாவின் குரல் வருவதற்கு முன்பே, என் எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணா "காது" என்றார். உடனே பதிவிலும் "காது" என்று வந்தது. அடுத்த கேள்வி. இது மருத்துவமனையா? இப்போது அவர் உட்கார்ந்திருந்தது மருத்துவமனையில். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பதிவில் மட்டும் "காது" வந்தது. அவர் தொண்டைக்குள் ஏதோ குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

"நிறுத்து" என்றார் அக்கா. "இத்த இன்னான்னு எழுதின?"

"காதுன்னு எழுதினேன்க்கா. காதுல ஏதோ பிரச்சினைன்னு சொல்றாருன்னு..."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காது இல்லம்மா. இல்லைன்னு சொல்றாரு. தெலுங்குல அப்டித்தான் சொல்லுவாங்க. எங்க மாமியார் அந்தாண்ட தீவுக்காரி. பன்னெண்டு வயசு வரைக்கும் இவரு அங்கதான் வளந்தாரு. வாதம் அடிச்சதுலருந்து வாய்ல வர்றது எல்லாம் அந்தப் பேச்சுதான். நாம பேசறது எல்லாம் புரியும். வாய்ல தமிழ் வரல. நைனா ஏன் இப்டி பேசறாருன்னு என் பொண்ணு கூட கேட்டா."

ஏரியின் வடபாதி ஆந்திராவுக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. மீஞ்சூர் பஸ் நிறுத்தத்தில் தினமும் தெலுங்கு கேட்டு வளர்ந்தவள் நான். 'காது' என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது கடைவீதியில் யாராவது சொல்லியிருந்தால் யோசிக்காமலே எனக்குப் புரிந்திருக்கும். மூன்றாவது வரியில் 'தமிழ்' என்று நானே எழுதி வைத்திருந்ததால், அவர் வாயிலிருந்து வந்த எல்லாவற்றையும் தமிழாகவே கேட்டிருக்கிறேன். மூவரும் முழுப் பதிவையும் கேட்டோம். நான் 'தெளிவற்ற ஒலி' என்று எழுதியிருந்த முனகல்கள் 'ஔனு' என்று அவர் சொல்ல முயன்றவை. ஆமாம் என்று அர்த்தம். மின்விசிறிப் படத்தைக் காட்டியபோது 'காலி' என்று சொல்லியிருந்தார். பொருத்தமற்ற விடை என்று கோடு போட்டிருந்தேன். தெலுங்கில் காற்றைச் சொல்லியிருக்கிறார். ஆம், இல்லை கேள்விகளில் ஒன்றிரண்டு தவிர அனைத்துக்கும் அவர் சரியாகவே விடை சொல்லியிருந்தார். அத்தனையையும் தப்பு என்று போட்டவள் நான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். பதிவின் சில நிமிடங்களைக் கேட்டார். பிறகு படிவத்தை வாங்கி மூன்றாவது வரியைப் பார்த்தார். கட்டிலிருந்த மற்றப் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மறுமதிப்பீடு செய்ததில் முன்னேற்றம் காணப்படுகிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமா என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்கு முன்னேற்றம் இல்லை. உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. தப்பு என்றால் தப்பு என்றே எழுதுங்கள். எழுதியதை அந்தத் தாள் எங்கே படிக்கப்பட்டதோ அங்கேயே போய்ப் படியுங்கள்." அந்தச் சொற்கள் அன்று எனக்குக் கசந்தன. இன்று யாராவது என்னிடம் அதே நிலையில் வந்து நின்றால் நானும் அவற்றைத்தான் சொல்கிறேன்.

துறையில் என்னோடு படித்த நெல்லூர்க்காரத் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு மறுவாரம் குப்பத்துக்குப் போனேன். இந்த முறை அக்கா உள்ளேயே இருந்தார். அண்ணாவின் முதுகுப் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். முறையும் கெடாது, அவரும் வெளியே நிற்க வேண்டாம். இதை முதல் தடவையே செய்திருக்கலாம். இரண்டு நாள் உட்கார்ந்து, தெலுங்கிலும் தமிழிலும், புத்தகத் தமிழிலும் அந்த ஊர்ப் பேச்சிலும் தனித்தனியாகப் பார்த்தோம். அண்ணாவுக்கு ஒன்றும் இல்லை என்று வரவில்லை. அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நீளமான வாக்கியங்கள் அவரைக் குழப்பின. எழுத்து போய்விட்டிருந்தது. தெலுங்கில் கொஞ்சம் சொற்கள் இருந்தன. தமிழில் அதைவிடக் குறைவு. ஆனால் அன்றாடப் பேச்சு இரண்டு மொழியிலும் அவருக்குப் புரிந்தது. எதைக் கேட்டாலும் ஆம், இல்லை என்று நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தது. புரியாதபோது புரியவில்லை என்பதையும் காட்டினார். அதை அப்படியே எழுதினேன். முதல் பத்தியில், முந்தைய தாள் என் தவறால் பிழையானது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சங்கம் கூடியது ஏலக் கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈரத் தரையில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே வருவது வழக்கமில்லை. அக்கா கொட்டகைத் தூணுக்கு வெளியே நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். நான் உட்காராமல் நின்றபடியே படித்தேன். என் தவறு என்ற இடம் வந்தபோது வேகமாகக் கடந்துவிட்டேன். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தேன்.

தலைவர் வயதானவர், அவசரப்படாதவர். கேட்டு முடித்துவிட்டு, "ஏம்மா, மொதல் தாளும் நீதான் எழுதின, அது தப்புன்ற. இந்தத் தாளு மட்டும் சரின்னு நாங்க எப்டி நம்பறது?" என்றார். அவர் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வழியில் நான் தயாரித்து வைத்திருந்த விளக்கங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் பிரயோசனமற்றுப் போயின. "என் தாள நம்ப வேணாங்க" என்றேன். "நீங்களே அவரக் கேளுங்க. தெரிஞ்ச விஷயமா கேளுங்க. பதில் சொல்ல நேரம் மட்டும் குடுங்க."

தலைவர் அண்ணாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "போன வருசம் கடைசியா நீ பாடு கட்டினியே, அது வடக்கால எடம்தான?" கொட்டகையில் எல்லோருக்கும் விடை தெரியும்போல, ஒருவரும் அசையவில்லை. "காது" என்றார் அண்ணா. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அன்னிக்கு மழைதான?" "ஔனு." "கூட வந்தது என் தம்பிதான?" "காது." தலைவர் சற்று முன்னால் குனிந்தார். "அப்போ யாரு வந்தது?"

இது ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி இல்லை. நான் பதறிப்போனேன். இப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். தூணுக்கு வெளியிலிருந்து அக்கா தலையை மட்டும் ஆட்டி என்னைத் தடுத்தார். அண்ணாவின் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. நெற்றி வியர்த்தது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் விடையை எடுத்துக்கொடுக்கப் போக, தலைவர் கையைக் காட்டி அடக்கினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அண்ணா இடக்கையைத் தூக்கித் தலைவரின் மார்புக்கு நேராக நீட்டி, "நு...நுவ்வு" என்றார். நீ.

தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பிறகு, "ஆமா. நான்தான்" என்றார். "எங்கூட வர்றவன் அன்னிக்கு வரல. நானும் இவனும்தான் கட்டினோம்."

அத்தோடு முடிந்துவிடவில்லை. அண்ணாவின் இடத்துக்கு அடுத்ததாகக் காத்திருந்த ஒருவர் எழுந்து, புரிகிறது சரி, ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படி வலை கட்டுவார் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதுபோலச் சிலர் முனகினார்கள். அப்போதுதான் அக்கா பேசினார். தூணைத் தாண்டி உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "கை இல்லன்னு எடுக்கறதா இருந்தா அத்தச் சொல்லி எடுங்க. அதுக்கு நான் பதில் வெச்சினு இருக்கேன், என் தம்பி கூட வருவான். புரியாதவன்னு சொல்லி எடுக்காதீங்க. அவரு நின்னுனு இருக்கும்போதே அவர இல்லாத மாரி பேசினீங்க. அத்த அவரு கேட்டுனு இருந்தாரு." அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் மறுபடி எழுதப்பட்டது, அந்த வருஷத்துக்கு மட்டும். ஒவ்வொரு வருஷமும் சீட்டுப் போடும்போது அவரே வந்து கேட்கவேண்டும் என்றார் தலைவர். "வருவாரு" என்றார் அக்கா.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் தோழி தூங்கிவிட்டாள். என்னால் முடியவில்லை. கையில் படிவக்கட்டு இருந்தது. ஒவ்வொரு படிவத்தின் மூன்றாவது வரியிலும் அதே கையெழுத்து. மறுநாள் பேராசிரியரிடம், ஏற்கனவே பார்த்த எல்லோருடைய பதிவுகளையும் அவரவர் வீட்டு ஆள் ஒருவரோடு உட்கார்ந்து திரும்பக் கேட்கப் போகிறேன் என்றேன். ஆய்வு தாமதமாகும் என்றார். தெரியும் என்றேன். போய்வர ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்தத் திரும்பக் கேட்டல் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பலருடைய தாள்களில் மாற்றம் எதுவும் இல்லை. முதலில் எழுதியதே சரியாக இருந்தது. சிலருடையதில் பிழை இருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவர் படத்திலிருந்த மீனுக்கு அந்தக் குறிப்பிட்ட மீனின் பெயரையே சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பெயர் தெரியாததால் பொருளற்ற சொல் என்று கோடு போட்டிருந்தேன். இன்னொரு ஊரில் ஒரு வயதான அம்மாவைத் தேடிப் போனபோது அவர் இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. அவர் மகன் என்னோடு உட்கார்ந்து பதிவைக் கேட்டார். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்ன சொல்கிறார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அந்தத் தாளில் நான் போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன.

இப்போது எங்கள் படிவத்தில் அந்த ஒற்றை வரி இல்லை. முதல் பக்கம் முழுவதும் மொழிதான். சின்ன வயதில் யாரோடு என்ன பேசினார், தொழிலில் என்ன பேச்சு, கோபம் வந்தால் எந்தப் பேச்சு, நோய்க்குப் பின் வாயில் முதலில் வந்தது எது. அதை நோயாளியிடமும் வீட்டில் ஒருவரிடமும் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். முன்கூட்டி எழுதி வைக்க முடியாதபடி கேள்விகளை அமைத்திருக்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் இது நீளம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொண்டாலும் நிரப்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

அண்ணாவின் வலக்கை திரும்பவில்லை. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வசவுகள், அப்புறம் எண்கள், அப்புறம் மகளின் பெயர். அக்காவின் தம்பியோடு படகில் போய் உட்கார்ந்துகொள்கிறார். எங்கே கட்டவேண்டும் என்பதைக் கையால் காட்டுகிறார். அவன் தப்பாக இழுத்தால் இரண்டு மொழியிலும் திட்டுகிறார். ஒவ்வொரு வருஷமும் சீட்டுப் போடும் அன்று இஸ்திரி போட்ட வேட்டியில் முன்வரிசையில் இருக்கிறார். இரண்டு வருஷமாக அக்கா தூணுக்கு உள்பக்கம் நிற்கிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம்.

மாதத்துக்கு இரண்டு நாள் பழவேற்காட்டில் ஒரு வாடகை அறையில் நாங்கள் நோயாளிகளைப் பார்க்கிறோம். வருகிறவர்களில் பாதிப்பேரை அக்காதான் அனுப்புகிறார். மீன் விற்கப் போகிற தெருக்களில் யாருக்கு வாய் இழுத்திருக்கிறது, எந்த வீட்டில் யாரைப் புரியாதவர் என்று ஒதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போன வாரம், கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றார். பின்னால் டவுனிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியம்மா, மருமகளின் தோளைப் பிடித்தபடி. வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, சொல்வது எதுவும் புரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். முதல் பக்கத்தை எடுத்து மருமகளிடம் கேட்கத் தொடங்கினேன். வீட்டில் தமிழ்தான் என்றாள். பெரியம்மா பிறந்து வளர்ந்த ஊரில், அவருடைய அம்மாவோடு, உருது. நோய் வந்த பிறகு என்ன பேசுகிறார் என்று கேட்டேன். யாருக்கும் விளங்காத ஏதோ ஒன்று என்றாள் அவள், கூச்சத்தோடு.

பெரியம்மா என்னைப் பார்த்து மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். தொடக்கமும் முடிவும் உள்ள, முழுமையான வாக்கியம்போல என் காதுக்குப் பட்டது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, எனக்கு உருது தெரியாது" என்றேன்.

அக்கா கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்தார். பெரியம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "தெரிஞ்சவங்க யாருன்னு பாத்துக் கூட்டினு வா" என்றார். "எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. அதுவரைக்கும் எதையும் எழுதிடாத."

பேனாவை மூடி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.